எலிசபெத்தின் வீடும் நமது பண்டிகை வீடும்

கிறிஸ்து பிறப்புப் பண்டிகை நம் நாட்டில் ஆலயத்தோடு முடிந்துவிடும் பண்டிகை அன்று. அது வீட்டுப் பண்டிகையுமாகும். அதிகாலை ஆராதனை முடிந்ததும் பாட்டனார் வீட்டிலோ மூத்த மகன் வீட்டிலோ உற்றார் உறவினர் ஒன்றுகூடுகின்றனர். பிழைப்பை நாடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்றவர்களும் அந்நாளில் ஊர் திரும்புகின்றனர். மனத்தாங்கல் கொண்டிருந்த அண்ணன் தம்பியர் ஒரே பந்தியில் அமர்கின்றனர். இக்கூடுகை இறைவன் அருளிய நன்மை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வீட்டில் பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருப்பாளாயின், அந்நாள் அவளுக்கு எத்தகைய நாளாக இருக்கிறது என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை.

பெரும்பாலும் அவள் அடுப்பங்கரையில் இருக்கிறாள். முறுக்குப் பிழிவதும், அதிரசத்திற்கு மாவு இடிப்பதும், வந்தவர்க்கெல்லாம் காப்பி கொடுப்பதும் அவள் பணி. அதே வேளையில் முன்கூடத்தில் அவளைப் பற்றிய பேச்சு நடைபெறுகிறது. பெண் வளர்ந்துவிட்டாள் என்கிறார் பெரியப்பா. அத்தை மகன் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்கிறார் அத்தை. சொந்தம் விட்டுப் போகலாகாது என்று பாட்டி முடிக்கிறார். எல்லாரும் கூடியிருக்கும் நாள் வேறு கிடைப்பது அரிது. ஆகவே அன்றே பேச்சு உறுதியாகிவிடுவதும் உண்டு. ஒருத்தியின் வாழ்வு அவள் இல்லாத கூடத்தில் தீர்மானிக்கப்படுகிறது. மரியாளின் மகனை வரவேற்கும் நாளில் இது நிகழ்வது தகுமா என்பதே இங்கு நம் ஆராய்ச்சி.

வத்தல்மலை எழுப்பும் வினா

இவ்வினா கூர்மையாக எழும் இடங்களுள் ஒன்று தருமபுரி மாவட்டத்து வத்தல்மலை. தருமபுரி நகருக்கு அண்மையில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அது உயர்ந்து நிற்கிறது. பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு முதலிய சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். சாமை, கேழ்வரகு ஆகியவற்றோடு காப்பியும் மிளகும் விளையும் மலை அது. சமவெளியில் நாம் பண்டிகைக்கு ஆயத்தமாகும் மார்கழிக் குளிரில் அங்கே காப்பிப் பழம் பறிக்கும் வேலை நடைபெறும். தலைமுறை தலைமுறையாக அம்மக்கள் நடந்தே மலையிறங்கினர். கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட தார்ச்சாலையும் பேருந்தும் அண்மைக் காலத்தில்தான் வந்தன.

சாலை இல்லாத மலையில் பெண்பிள்ளையை வளர்ப்பது எளிதன்று. சில வகுப்புகளுக்குமேல் படிக்க வேண்டுமாயின் மலையிறங்க வேண்டும். அல்லது விடுதியில் தங்க வேண்டும். பருவமடைந்த மகளைக் காட்டுவழியே அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? வீட்டில் நிறுத்தினாலோ, முறைமாப்பிள்ளை அருகிலேயே இருக்கிறான். அத்தை மகனும் தாய்மாமன் மகனும் உரிமையுடையவர்கள் என்பது மலையாளி மக்களின் பழைய வழக்கம். இவ்வாறாகப் பள்ளி தொலைவிலும் மணவறை அருகிலும் அமைந்துவிடுகின்றன. குழந்தைத் திருமணம் மிகுந்த மாவட்டங்களுள் ஒன்றாகத் தருமபுரி தொடர்ந்து பேசப்படுவதற்கு இது ஒரு காரணமாகும். பெற்றோர் மகளை வெறுப்பதால் அன்று, அவளைக் குறித்து அஞ்சுவதாலேயே அவளை விரைந்து மணமுடித்து வைக்கின்றனர். இதை உணராதவர் அவர்களுக்கு அறிவுரை கூறத் தகுதியற்றவர்.

சமவெளிக் கிறிஸ்தவர்களாகிய நாம் மலைமக்களை ஏளனமாக நோக்குவதற்கும் இடமில்லை. மலையாளி மக்களின் பழைய வழக்கில் மாப்பிள்ளை வீட்டாரே பெண்ணுக்குப் பரியம் கொடுத்தனர். நம் வழக்கிலோ பெண்ணைப் பெற்றவர் வரதட்சணை கொடுக்கிறார். மகள் பிறந்த அன்றே கடன் பிறந்ததாக எண்ணும் எண்ணம் மலையினின்று சமவெளிக்கு இறங்கி வந்ததன்று.

எண்ணப்பட்ட பெண்மக்கள்

இம்மாவட்டத்தில் பெண்மகவின் வரலாறு துயரம் நிறைந்தது. பெண்சிசுக் கொலையைத் தடுக்கும்பொருட்டுத் தமிழ்நாட்டு அரசு 1992ஆம் ஆண்டு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் சேலத்தில் தொடங்கிற்று; 2001ஆம் ஆண்டு அது தருமபுரிக்கும் வேறு சில மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு வயதுவரையுள்ள ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குத் தருமபுரியில் பெண் குழந்தைகள் 826 பேரே இருந்தனர். 2011ஆம் ஆண்டு அத்தொகை 913 ஆக உயர்ந்தது.

2011இல் கைக்குழந்தைகளாக எண்ணப்பட்டவர்களே இன்று குமரப்பருவத்தில் நம் வீடுகளில் நடமாடுகின்றனர். பிறக்கவும் பிழைக்கவும் அவர்களுக்கு இடங்கொடுத்தோம். அது முதற்படி. தன் வாழ்வைக் குறித்துத் தானே ஒரு சொல் சொல்லவும் அவளுக்கு இடங்கொடுப்பது அடுத்த படி. உயிரோடு விட்டுவைத்து வாயை அடைத்துவிடுவோமாயின், நாம் பாதி வழியிலேயே நின்றவர்களாவோம்.

லூக்கா காட்டும் உறவினர் கூட்டம்

பண்டிகைக் காலத்தில் நாம் வாசிக்கும் லூக்கா நற்செய்தியின் முதலிரண்டு அதிகாரங்கள் தனிமனிதரின் கதையன்று. அவை ஒரு சுற்றத்தாரின் கதை. அதில் நான்கு காட்சிகள் நம் கருத்துக்குரியன.

முதலாவது காட்சி நாசரேத்தில் நிகழ்கிறது. மரியாளின் வயது இன்னதென்று நற்செய்தி கூறவில்லை. அக்கால யூத வழக்கில் பெண்கள் மிக இளமையிலேயே மணநிச்சயம் செய்யப்பட்டனர் என்பது கொண்டு, அவளும் இளம்பெண்ணே எனக் கருதலாம். இதைக் காட்டி இளவயதுத் திருமணத்தை ஆதரிப்பார் உளர். அவர்கள் நூலின் போக்கைக் கவனியாதவர்கள். அக்கால வழக்கத்தை லூக்கா புகழவில்லை. அவ்வழக்கத்திற்குள் இறைவன் செய்த புதுமையையே எடுத்துரைக்கிறார். தேவதூதன் அவளுடைய தந்தையிடம் செல்லவில்லை, யோசேப்பின் வீட்டாரிடமும் செல்லவில்லை, அவளிடமே வந்தான். அவள் கலங்கினாள்; இது எப்படி ஆகும் என்று கேட்டாள். அக்கேள்விக்காக அவள் கண்டிக்கப்படவில்லை, விளக்கம் பெற்றாள். அதன்பின்னரே தன் சம்மதத்தைத் தன் வாயால் தெரிவித்தாள். மீட்பின் திட்டமே ஓர் இளம்பெண்ணின் கேள்விக்கும் விடைக்கும் காத்திருந்தது என்றால், நம் குடும்பத் திட்டங்கள் காத்திருக்கலாகாதா?

இரண்டாவது காட்சி மலைநாட்டில். மரியாள் யூதேயாவின் மலைநாட்டுக்கு விரைந்து சென்று, தன் உறவினளாகிய எலிசபெத்தின் வீட்டில் நுழைகிறாள். பிறரிடம் சொல்லக் கூசும் ஒரு செய்தியைச் சுமந்து செல்லும் இளம்பெண்ணுக்கு ஒரு மூத்த உறவினளின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. எலிசபெத்து விசாரணை நடத்தவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று கேட்கவில்லை. வயதில் மூத்தவளாயிருந்தும் இளையவளை முந்திக்கொண்டு வாழ்த்தினாள். அவ்வரவேற்புக்குப் பின்னரே மரியாளின் பாடல் பிறந்ததாக லூக்கா அமைத்துள்ளார். ஏறக்குறைய மூன்று மாதம் அவள் அங்கே தங்கினாள். அவ்வீட்டுத் தலைவனாகிய சகரியாவோ அந்நாட்களில் பேச்சிழந்திருந்தார்! பெண்கள் இருவரும் பேச, ஆசாரியர் மௌனமாயிருந்த வீடு அது. குடும்பத் தலைவர் சற்று நேரம் வாய்மூடியிருந்து கேட்டால் எத்தகைய பாடல்கள் பிறக்கும் என்பதற்கு அவ்வீடே சான்று.

மூன்றாவது காட்சி நம் பண்டிகைக் கூடுகைக்கு மிகவும் ஒத்தது. குழந்தை பிறந்த எட்டாம் நாள் அயலாரும் உறவினரும் கூடுகின்றனர். வழக்கப்படி தந்தையின் பெயரையே இட முனைகின்றனர். எலிசபெத்து மறுத்து, யோவான் என்கிறாள். உன் உறவின்முறையில் அப்பெயர் கொண்டவர் எவருமில்லையே என்று உறவினர் தடுக்கின்றனர். இங்கே இல்லாத வழக்கம் என்பதே அவர்கள் காட்டும் காரணம். தாயின் சொல்லை ஒதுக்கிவிட்டு, பேச இயலாத தந்தைக்குச் சைகை காட்டுகின்றனர். சகரியா எழுத்துப்பலகை கேட்டு வாங்கி, மனைவி சொன்னதையே எழுதுகிறார். அப்பொழுதே அவர் நாவின் கட்டு அவிழ்கிறது. உறவினர் கூட்டத்தின் நடுவே வீட்டுப் பெண்ணின் சொல்லுக்குத் துணைநின்ற தந்தை பேச்சைத் திரும்பப் பெற்றார் என்பதை நம் தந்தையர் சிந்திப்பாராக.

நான்காவது காட்சி பஸ்காப் பண்டிகைப் பயணம். பன்னிரண்டு வயது இயேசு உறவினரோடும் அறிமுகமானவரோடும் வருகிறார் என்று எண்ணி, பெற்றோர் ஒருநாள் பயணத் தூரம் சென்றுவிடுகின்றனர். சுற்றம் பெரிதாயிருந்தால் பிள்ளை பத்திரமாயிருக்கும் என்று நாமும் எண்ணுகிறோம். ஆயினும் வளரும் பிள்ளையின் மனம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு கூட்டம் முழுவதும் அறியாதிருக்கக் கூடும். மகன் கூறிய விடை தாய்க்கு விளங்கவில்லை. ஆயினும் அவள் அதைத் தன் இருதயத்தில் வைத்துக்கொண்டாள். மகன் வீடு திரும்பிப் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருந்தார். கேட்கும் பெற்றோரும் கீழ்ப்படியும் பிள்ளையும் ஒன்றையொன்று அழிப்பவர் அல்லர் என்பது இதனால் பெறப்படும். பிள்ளையின் சொல்லைக் கேட்பது பெற்றோரின் அதிகாரத்தைத் துறப்பதாகாது.

இரத்த உறவைக் கடந்த சுற்றம்

உறவு என்பது இரத்தத்தோடு முடிவதன்று என்பதையும் மலைகளே நமக்குக் கற்பித்துள்ளன. வத்தல்மலையைப் போன்றே மலையாளி மக்கள் வாழும் கொல்லிமலைக்கு 1913ஆம் ஆண்டு ஜெஸ்ஸி பிராண்டும் அவர் துணைவியார் எவலினும் சென்று குடியேறி, மருத்துவமும் பள்ளியும் கைத்தொழிற் பயிற்சியும் நடத்தினர். அவர்களை எதிர்த்துவந்த உள்ளூர்ப் பூசாரி ஒருவர், முதலாம் உலகப்போரின் இறுதியில் பரவிய கொள்ளைக் காய்ச்சலில் சாகுந்தறுவாயில், தம் கைக்குழந்தையாகிய மகளை அவர்களிடமே ஒப்புவித்தார். யாருடைய வீட்டில் தம் மகளுக்கு மதிப்பு உண்டு என்பதை அத்தந்தை கண்டிருந்தார். 1929இல் கணவர் மறைந்த பின்னரும் எவலின் அம்மையார் மலைப்பணியைத் தொடர்ந்து, முதிர்ந்த வயதில் 1974ஆம் ஆண்டு மறைந்தார். சபை ஒரு பெரிய குடும்பம் என்று நாம் அறிக்கையிடுவது உண்மையாயின், பிறர் வீட்டு மகளுக்கும் அது புகலிடமாதல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, சட்டத்தை அறிந்திருத்தல். 1929ஆம் ஆண்டுச் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்கு என வகுத்தது. 1978ஆம் ஆண்டுத் திருத்தம் பதினெட்டாக உயர்த்தியது. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி, அத்தகைய திருமணத்தை நடத்திவைப்பவருக்கு ஈராண்டு வரை கடுங்காவலும் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். ஆயரும் இதற்கு விலக்கல்லர். திருமண ஓலை வாசிக்குமுன் வயதுச் சான்றைக் காண்பதோடு, மணமகளைத் தனியே அழைத்து அவள் மனத்தைக் கேட்டறிவதும் ஆயரின் கடமையாகும். இடர்ப்படும் பிள்ளைகளுக்கு 1098 என்னும் தொலைபேசி எண் உண்டு என்பதை ஞாயிறுபள்ளியிலேயே கற்பிக்கலாம்.

இரண்டாவது, தாய்மாமனின் உரிமையைப் புதுப்பித்தல். சீர் கொண்டுவரும் மாமன், மருமகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கைச் சீராகக் கொண்டுவரட்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கியது. இதனைப் பண்டிகை வீட்டில் உறவினருக்கு எடுத்துரைத்து, விண்ணப்பிக்கத் துணைசெய்வதும் நற்செய்திப் பணியேயாகும்.

மூன்றாவது, அச்சத்திற்கு விடை காணுதல். மகளை எவ்வாறு அனுப்புவது என்று அஞ்சும் தாயிடம் அஞ்சாதே என்று சொல்லுதல் போதாது. நகரில் வாழும் சித்தி தன் வீட்டில் ஓர் இடம் கொடுக்கலாம். சபை மாணவியர் விடுதியில் மலைக்கிராமப் பிள்ளைக்கு ஓர் இடம் ஒதுக்கலாம். எலிசபெத்து மரியாளுக்குக் கொடுத்தது அறிவுரையன்று; மூன்று மாதத் தங்குமிடம்.

நான்காவது, பண்டிகை நாளின் ஒழுங்கை மாற்றுதல். பலகாரம் செய்யும் வேலையை மகனும் மகளும் ஒருங்கே செய்யட்டும். குடும்ப ஜெபத்தில் லூக்கா முதல் அதிகாரத்தை அவளே வாசிக்கட்டும். அவள் கருதுவதைச் சொல்லவும் விடுவோம். திருமணப் பேச்சு எழுந்தால், அவள் படிப்பு முடியட்டும், அவளே சொல்லட்டும் என்று எல்லார் முன்னிலையிலும் கூறும் துணிவு தந்தைக்கு வேண்டும். இவ்வொரு வாக்கியம் சகரியாவின் எழுத்துப்பலகையை ஒத்தது. இதனால் உறவு முறியும் என்று அஞ்சுவார் உளர். சகரியாவின் உறவினர் வியப்புற்றனர் என்றே லூக்கா கூறுகிறார். உறவு முறிந்ததாகக் கூறவில்லை.

பெத்லகேமில் பிறந்த பாலகனுக்குச் சத்திரத்தில் இடமில்லாமற் போயிற்று என்று ஆண்டுதோறும் பிரசங்கிக்கிறோம். அவருடைய தாய்க்கு மலைநாட்டில் ஒரு வீட்டில் இடமிருந்தது என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம். வத்தல்மலையிலும் சமவெளியிலும் உள்ள ஒவ்வொரு மகளும் தயங்காது நுழையக்கூடிய ஒரு வீடு அவள் சுற்றத்தில் இருக்க வேண்டும். வருகின்ற பண்டிகையில் அவ்வீடு நம் வீடாயிருப்பதாக.