வீட்டு மீன்தொட்டிக்கு எவ்வளவு தீவனம்? பட்டினியைவிட மிகை உணவே ஆபத்து

கொச்சி: வண்ண மீன்கள் நீந்தும் தொட்டியின் அருகே ஆள் சென்றாலே அவை கண்ணாடியை நோக்கி விரைந்து வருகின்றன. இதைப் பசி எனக் கருதி மேலும் ஒரு சிட்டிகை தீவனம் தூவுவது வளர்ப்போரின் வழக்கம். வீட்டுத் தொட்டிகளில் மீன்கள் இறப்பதற்குப் பட்டினியைக் காட்டிலும் இந்தக் கரிசனமே பெரும்பாலும் காரணமாகிறது.

மட்டாஞ்சேரி போன்ற நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளில் இரண்டடி நீளத் தொட்டி வைக்கவே இடம் கிடைக்கும். அதில் சுமார் 60 லிட்டர் நீர் கொள்ளும். தலா ஒரு கிராம் எடையுள்ள 15 சிறு மீன்கள் அதில் இருப்பதாகக் கொள்வோம். வளர்ந்த மீனுக்கு நாளொன்றுக்கு அதன் உடல் எடையில் 1 முதல் 2 சதவீதத் தீவனம் போதும். அதாவது 15 மீன்களுக்கும் சேர்த்து 0.3 கிராமைத் தாண்டத் தேவையில்லை.

அதே தொட்டியில் ஒரு கிராம் தீவனம் உண்ணப்படாமல் அழுகினால் என்ன நேரும்? தீவனத்தில் 40 சதவீதம் புரதம் எனில் அதிலுள்ள நைட்ரஜன் சுமார் 64 மில்லிகிராம். அது முழுவதும் அம்மோனியாவாக மாறினால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவை எட்டும். நன்கு நிலைபெற்ற தொட்டியில் இந்த அளவு பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்க வேண்டும். உண்ட தீவனமும் செவுள் வழியாக அம்மோனியாவாகவே பெருமளவு வெளியேறுகிறது. வடிகட்டியில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை பாதித் தீவனமே இட வேண்டும்.

கொச்சியின் வெப்பம் இச்சிக்கலைக் கூட்டுகிறது. கார அமிலக் குறியீடு 8 ஆக உள்ள நீரில், வெப்பநிலை 25 டிகிரி செல்சியசிலிருந்து 30 டிகிரிக்கு உயரும்போது, மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு சுமார் 5 சதவீதத்திலிருந்து 7 சதவீதத்துக்கு மேல் செல்கிறது. நீரில் கரையும் ஆக்சிஜனும் அப்போது குறைகிறது. மூச்சுத் திணறும் மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடும். இதையும் பசி என்று எண்ணித் தீவனம் இடுவோர் உண்டு. அப்போது செய்ய வேண்டியது தீவனத்தை நிறுத்தி, தொட்டியில் நான்கில் ஒரு பங்கு நீரை, குளோரின் நீக்கிய நீரால் மாற்றுவதே.

வீட்டில் எவரும் தீவனத்தை எடை போடுவதில்லை. இரண்டு நிமிடங்களில் முழுவதும் உண்டு முடிக்கும் அளவு என்பது எளிய கணக்கு. பார்ப், தங்கமீன் உள்ளிட்ட கெண்டைக் குடும்ப மீன்களுக்கு இரைப்பையே கிடையாது. எனவே ஒரே வேளையில் அள்ளிப் போடாமல், நாள் அளவை இரண்டாகப் பிரித்து இடுவது நல்லது.

ஆனால் பல இனங்கள் ஒன்றாக வாழும் தொட்டியில் அளவு மட்டுமன்றி, அது யாருக்குக் கிடைக்கிறது என்பதும் முக்கியம். கப்பியும் மோலியும் மேலே மிதப்பதை முதலில் பறித்துக்கொள்ளும். அடித்தளத்தில் மேயும் கோரிடோரஸ் கெளுத்திக்கு எதுவும் மிஞ்சாது. அதற்காக மேலே கூடுதலாகத் தூவுவது தவறு. மிதக்கும் தீவனத்தை ஒரு முனையில் இட்டு, விளக்கை அணைத்த பின்னர் மூழ்கும் தீவனத்தை மறுமுனையில் இடலாம். இரண்டும் சேர்ந்ததே அன்றைய அளவு.

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளுக்கே உரிய ‘மிஸ் கேரளா’ எனும் டெனிசன் பார்ப், அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சர்வதேசச் செம்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆக்சிஜன் மிகுந்த ஓடுநீருக்குப் பழகிய இம்மீன், தீவனம் அழுகிய தொட்டியில் நீண்ட நாள் தாங்காது. ஆற்றிலிருந்து பிடிக்கப்பட்டதாயின் அந்த இழப்பு ஆற்றுக்கும் உரியது.

ஓண விடுமுறைக்கு ஊர் செல்வோர் அண்டை வீட்டாரிடம் தீவனப் புட்டியை ஒப்படைத்துச் செல்வதுண்டு. ஆரோக்கியமான வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் வரை உணவின்றி இருக்கும். குஞ்சுகள் இருந்தால் மட்டும், நாளுக்கொன்றாகச் சிறு பொட்டலங்களில் அளவை மடித்துக் கொடுத்து, புட்டியை வீட்டுக்குள் பூட்டிவிட்டுச் செல்லலாம்.