தழும்பு தெரியாத காயமும் காயமே

வகுப்பறையில் சாதி இழிவுக்கு ஆளான குழந்தைக்காக நாம் காவல் நிலையம் செல்லும்போது பெரும்பாலும் எழும் முதற்கேள்வி, 'அடித்தார்களா?' என்பதே. உடலில் தடம் இல்லையெனில் வழக்கு வலுவற்றதாகக் கருதப்படுகிறது. காயம் எங்கே நிகழ்கிறது என்பதை அறியாத பார்வை இது.

அச்சுறுத்தலின்போது உடல் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகியவற்றைச் சுரக்கிறது. ஆபத்து நீங்கியதும் அவை தணிந்தால் தீங்கில்லை. பள்ளி மணியோடு ஆபத்தும் நாள்தோறும் தொடங்குமானால், வளரும் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அச்சத்தை உணரும் அமிக்டலா ஓயாத விழிப்பில் இருக்கிறது. நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பசும், கவனத்தை ஆளும் முன்மூளையும் தளர்கின்றன. கரும்பலகையைப் பார்க்க வேண்டிய குழந்தை ஆசிரியரின் முகத்தைக் கண்காணிக்கிறது. பள்ளியோ அதற்கு 'மந்தம்' என்று பெயரிடுகிறது.

அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அன்டா குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைப் பருவத் துன்பங்கள் கூடக்கூட, பிற்காலத்தில் மனச்சோர்வு, இதயநோய் ஆகியவற்றின் அபாயமும் கூடுவதைக் காட்டியது. ஆனால் அது பெரும்பாலும் வீட்டுக்குள் நிகழும் துன்பங்களையே கணக்கிட்டது. சாதி என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமப்புற மாணவர்களிடம் புதிர்களைக் கொடுத்து ஆராய்ந்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். சாதியை அறிவிக்காதபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் பிறருக்கு நிகராகப் புதிர்களைத் தீர்த்தனர். அனைவர் முன்னும் சாதி அறிவிக்கப்பட்டதும் அவர்களின் செயல்திறன் சரிந்தது. அது மூளையைப் படம்பிடித்த ஆய்வன்று; எனினும் குறைபாடு குழந்தையிடம் இல்லை என்பதை அது நிறுவுகிறது.

காயம் கல்வியோடு நிற்பதில்லை. தனக்கு ஏன் இப்படி நேர்கிறது என்று குழந்தை காரணம் தேடுகிறது. தீட்டு, முற்பிறவி வினை என்று ஊர் விடை சொல்கிறது. கோயில் வாசலில் நிறுத்தப்படும் குழந்தை, இழிவைக் கடவுளின் தீர்ப்பாகவே ஏற்க நேர்கிறது. தான் மதிப்புடைய உயிர் என்னும் ஆன்மிக அடித்தளம் அங்கே சிதைகிறது. பள்ளியில் கோணிச் சாக்கில் தனியே அமர்த்தப்பட்ட, பியூன் இல்லாத நாளில் தண்ணீரும் மறுக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர், 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பெருந்திரளான மக்களுடன் பௌத்தம் தழுவினார். அது தன்மதிப்பை மீட்டெடுத்த ஆன்மிகச் செயலும்கூட.

மூளை மீளும் ஆற்றல் உடையது. ருமேனியக் காப்பகங்களிலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்ட குழந்தைகள், காப்பகத்திலேயே தொடர்ந்தவர்களைவிட அறிவுத்திறனில் முன்னேறியதை புக்கரெஸ்ட் ஆய்வு பதிவு செய்தது. இரண்டு வயதுக்கு முன் மாற்றப்பட்டோர் கூடுதலாக முன்னேறினர். ஆகவே, தாமதமும் ஒரு தீங்கு.

சட்டம் இதை முன்பே ஏற்றுள்ளது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த வரையறைப்படி, மன, உளவியல், உணர்வுத் தீங்குக்கு ஆளானவரும் பாதிக்கப்பட்டவரே. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு, குழந்தையை மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது.

எனவே புகார் எழுதும்போது தூக்கமின்மை, பள்ளி செல்ல மறுத்தல், திடீர் மதிப்பெண் சரிவு ஆகியவற்றை நாள் குறித்து எழுதுவோம். அரசு மருத்துவமனை மனநல மருத்துவரின் மதிப்பீட்டை இணைப்போம். நிவாரணத் தொகையோடு மனநலச் சிகிச்சையையும் கோருவோம். ஒரே கொடுமையை ஒவ்வொரு மேசையிலும் குழந்தை மீண்டும் சொல்ல நேராமல் காப்பதும் நம் கடமையே.