18 மீற்றர் தூரமும் பெயர் சொல்லாத ஆசானும்

இலங்கையில் மானை வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். வட அமெரிக்காவில் அனுமதிப்பத்திரம் பெற்று, குறித்த பருவத்தில் மட்டும் வேட்டையாடலாம். துவக்குக்கு ஒரு பருவம், வில்லுக்கு ஒரு பருவம் எனப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வில்லுக்கான மான் வேட்டைப் பருவம் 1934இல் தொடங்கியது.

வில்லோடு போகிறவர்களில் பலர் மரத்தில் ஐந்தாறு மீற்றர் உயரத்தில் பரண் அமைத்துக் காத்திருக்கிறார்கள். வன்னியில் பயிர்க் காவலுக்குக் கட்டும் பரணைப் போன்றதுதான், ஆனால் கழற்றிக் கொண்டுபோகக்கூடிய உலோகத் தட்டு. மான் பெரும்பாலும் மேலே பார்ப்பதில்லை. மனித வாடையும் உயரத்தில் இருந்தால் அதன் மூக்குக்கு எட்டுவது குறைவு. அதனால் மான் 18 மீற்றர் அளவுக்கு, சில வேளை மரத்தடிக்கே வந்துவிடுகிறது.

இவ்வளவு அருகில் வந்தால் எய்வது எளிது என்று தோன்றும். உண்மை வேறு.

அம்பு துவக்குச் சன்னத்தைப் போல அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை. அதன் கூரான அலகுகள் நுரையீரல்களை ஊடறுத்து, இரத்தம் வெளியேறித்தான் மான் இறக்கிறது. இரண்டு நுரையீரல்களும் துளைக்கப்பட்டால் சில விநாடிகளில் விழுந்துவிடும். மான் நேர் கீழே நிற்கும்போது மேலிருந்து தெரிவது முதுகு மட்டுமே. செங்குத்தாக இறங்கும் அம்பு முள்ளந்தண்டை உரசிப் போகலாம், அல்லது ஒரு நுரையீரலை மட்டும் துளைக்கலாம். அப்படிக் காயப்பட்ட மான் வெகுதூரம் ஓடி, எவர் கண்ணிலும் படாமல் பற்றைக்குள் கிடந்து சாகும். அதனால் அனுபவசாலிகள் மரத்தடியில் நிற்கும் மானை விட்டுவிடுகிறார்கள். அது சற்று விலகி, பக்கவாட்டாகத் திரும்பும்வரை பொறுத்திருக்கிறார்கள்.

ஒலியும் ஒரு சிக்கல். இன்றைய வில்லிலிருந்து அம்பு விநாடிக்கு 80, 90 மீற்றர் வேகத்தில் பாய்கிறது. நாண் அதிரும் ஒலியோ ஏறத்தாழ 340 மீற்றர் வேகத்தில் போகிறது. அம்பு வந்துசேர முன்னரே மானின் காதுக்கு ஒலி எட்டிவிடும். மிரண்ட மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தும், அம்பு மேலால் போய்விடும். ஆகவே நிதானமாக நிற்கும் மானுக்குத்தான் எய்வார்கள். அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும் நேரம் பார்த்துத்தான் நாணை இழுப்பார்கள். எய்த பின்னும் உடனே இறங்கி ஓடுவதில்லை. அரை மணி நேரமாவது காத்திருந்தே இரத்தத் தடத்தைத் தொடர்வார்கள். பரணில் இருப்பவருக்குப் பெரிய ஆபத்து தவறி விழுவதுதான் என்பதால், தரையில் கால் எடுக்கும்போதே பாதுகாப்புப் பட்டியை மரத்தோடு பிணைத்துக்கொள்ள வேண்டும்.

அருகில் வரும்வரை காத்திருக்கும் இந்தப் பொறுமை நவீனக் கருவிகளோடு பிறந்ததல்ல. அமெரிக்காவின் இன்றைய வில் வேட்டைக்கு வேராக இருந்தவர்களில் ஒருவர், அழிக்கப்பட்ட ஓர் இனத்தின் கடைசி மனிதர்.

கலிபோர்னியாவின் மலைகளில் வாழ்ந்த யாஹி மக்களை, தங்கம் தேடி வந்த காலத்தில் குடியேறியவர்கள் தொடர் படுகொலைகளால் அழித்தார்கள். எஞ்சிய சிலர் ஏறத்தாழ நாற்பது வருடங்கள் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1911 ஓகஸ்டில் அவர்களில் கடைசியானவர் பசியோடு ஓரோவில் என்ற ஊருக்கு வந்துசேர்ந்தார். பெயர் கேட்டபோது அவர் சொல்லவில்லை. தன் பெயரைத் தானே சொல்வது யாஹி வழக்கமல்ல, சொல்வதற்கு வேறொருவர் மிஞ்சியிருக்கவில்லை. ஆய்வாளர்கள் அவரை இஷி என்று அழைத்தார்கள். அவரது மொழியில் அதற்கு மனிதன் என்று பொருள்.

சான் பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கியிருந்த இஷியிடம், அவருக்கு வைத்தியம் பார்த்த சாக்ஸ்டன் போப் வில் வித்தை கற்றார். வேட்டைக்கு முதல் நாள் இஷி மீன் உண்ணமாட்டார், புகைக்கமாட்டார். விடியலில் குளித்து, வாசனை இலைகளை உடலில் தேய்த்துக்கொள்வார். இலையொன்றை உதடுகளுக்கிடையே வைத்து மான்குட்டி போலக் குரல் எழுப்பி மானை அருகே வரவழைப்பார். உயரமான பரண் இன்று செய்யும் வேலையை அவர் தன் உடலாலும் குரலாலும் செய்தார்.

1916இல் காசநோயால் இஷி இறந்தார். அவரது மூளையை எடுத்து வோஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். 2000ஆம் ஆண்டில்தான் அது அவருடைய உறவுக் குலத்தவரிடம் திரும்பக் கையளிக்கப்பட்டது. போப் தான் கற்றதை 1923இல் நூலாக வெளியிட்டார். அந்த நூலைப் படித்து ஒரு தலைமுறை வில்லைக் கையில் எடுத்தது.

வில் வேட்டைப் பதிவுகளைப் பேணும் அமெரிக்க அமைப்பு 1961இல் உருவானது. அதற்குப் போப்பின் பெயரையும் அவருடைய வேட்டைத் தோழர் ஆர்தர் யங்கின் பெயரையும் சூட்டினார்கள். போப்புக்குக் கற்றுக்கொடுத்தவரின் உண்மையான பெயர் இன்றுவரை எவருக்கும் தெரியாது.