குளிர்சாதன அறையில் ஆர்க்கிட் வாடுவது ஏன்?

பத்துமலையின் 272 படிகளை எண்ணி ஏறுகிறோம். பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையில் மண்ணே இல்லாமல் பற்றி நிற்கும் செடிகளைக் கவனித்திருக்கிறீர்களா? மழையும் ஈரக்காற்றுமே அவற்றின் வாழ்வு.

நம் காடுகளில் மரத்தைப் பற்றி வளரும் பெலனாப்சிஸ் ஆர்க்கிட்டும் இப்படித்தான் வாழ்கிறது. அதை ஆசையாக வாங்கிக் குளிர்சாதன அறையில் வைத்தால் சில வாரங்களில் இலை சுருங்குகிறது. வெளியே குழாயில் சொட்டுகிறதே தண்ணீர், அது அறைக் காற்றிலிருந்து பிரிந்த ஈரம்!

தாகம் என்று தினமும் ஊற்றினால் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. இலை மேலும் சுருங்கும். நாமும் மேலும் ஊற்றுவோம்!

வேரைப் பாருங்கள். வெள்ளி நிறமானால் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் பொறுத்திருங்கள். குளிர்காற்று நேரே படவேண்டாம். தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் மூழ்காமல் நீர் விட்டு, அதன்மேல் தொட்டியை வைத்தால் சிறிது ஈரம் கிட்டும். ஏடிஸ் கொசு பெருகாதிருக்க, வாரம் இருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.

இவ்வளவும் சிரமமா? உச்சிவெயில் படாத வராந்தாவுக்குச் செடியை மாற்றுங்கள். அங்கே நம் நாட்டுக் காற்றே அதைத் தாய்போல் பார்த்துக்கொள்ளும்.