ஸாஉம் எடையும்: கன அளவு, அடர்த்தி பற்றி ஒரு விளக்கம்

ரமளானின் இறுதி நாட்கள் நெருங்கும்போது நம் ஜமாஅத்துகளில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது. ஸதகத்துல் ஃபித்ராகக் கொடுக்க வேண்டிய அரிசி எத்தனை கிலோ? ஒரு பள்ளிவாசலின் அறிவிப்பில் இரண்டரை கிலோ என்றிருக்கும். மற்றொன்றில் மூன்று கிலோ என்றிருக்கும். மார்க்கம் ஒன்றாயிருக்க அளவு மட்டும் இரண்டானது எப்படி என்று மக்கள் மயங்குகின்றனர். இம்மயக்கத்தின் வேர் இமாம்களின் கருத்து வேறுபாட்டில் மட்டும் இல்லை. கன அளவு, எடை, அடர்த்தி ஆகிய மூன்றையும் நாம் பிரித்தறியாமையிலும் இருக்கிறது.

ஸாஉ என்பது எடைக்கல் அன்று, முகத்தலளவைப் பாத்திரம். நடுத்தர உடல்வாகுள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளுவது ஒரு முத். நான்கு முத் ஒரு ஸாஉ. பேரீச்சம்பழத்தில் ஒரு ஸாஉ, வாற்கோதுமையில் ஒரு ஸாஉ என்றே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விதித்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். அவ்விரண்டும் ஒரே பாத்திரத்தை நிரப்பலாம். தராசில் ஒரே எடை காட்டமாட்டா.

ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடமே அதன் கன அளவு. அந்த இடத்திற்குள் எவ்வளவு பொருண்மை அடங்கியிருக்கிறது என்பதே அடர்த்தி. எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ நிற்கும். அதே பாத்திரத்தில் தலைதட்டி அளந்தால் அரிசி ஏறத்தாழ 800 கிராமும், கோதுமை 770 கிராமும், வாற்கோதுமை 620 கிராமும் நிற்கும். ஆகவே, ஒரு ஸாஉ மூன்று லிட்டர் என்று கொண்டால், அரிசியில் அது 2.4 கிலோ, கோதுமையில் 2.3 கிலோ, வாற்கோதுமையிலோ இரண்டு கிலோவைக்கூட எட்டாது. பாத்திரம் மாறவில்லை, பண்டம் மாற எடை மாறிவிடுகிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தானியத்தை அளக்கும்போது மணிகளுக்கு இடையிலுள்ள காற்றையும் சேர்த்தே அளக்கிறோம். பாத்திரத்தைக் குலுக்கினால் மணிகள் நெருங்கி எடை கூடும். காற்றிடம் இல்லாத கெட்டிப் பொருளின் அடர்த்தியை அறிய வேறு வழி வேண்டும். வடிவம் ஒழுங்கற்ற ஒரு நகையின் கன அளவை அளவுகோலால் காண இயலாது. அதை நீரில் அமிழ்த்தி, அது வெளியேற்றும் நீரை அளப்பதே வழி.

இக்கலையைத் துல்லியத்தின் உச்சிக்குக் கொண்டு சென்றவர் கி.பி. 973இல் பிறந்த அல்பீரூனி. கழுத்துக் குறுகிய கூம்பு வடிவப் பாத்திரம் ஒன்றில் வளைந்த குழாயைப் பொருத்தி, அதன் வாய்வரை நீர் நிரப்பினார். உள்ளே இட்ட உலோகம் வெளியேற்றிய நீரைத் தராசுத் தட்டில் ஏந்தி எடை பார்த்தார். நூறு மிஸ்கால் பொன் வெளியேற்றிய நீர் ஐந்தேகால் மிஸ்கால். அதாவது, பொன் நீரைவிட 19.05 மடங்கு அடர்த்தியுடையது. இன்றைய கணக்கு 19.3. அல்பீரூனியின் முடிவுகளை மெர்வ் நகரத்து அல்காஸினீ 1121இல் இயற்றிய ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூலில் பதிவு செய்தார். அந்நூல் விவரிக்கும் ஐந்து தட்டுகள் கொண்ட தராசு, கலப்படப் பொன்னை உருக்காமலே இனங்காண உதவியது. பொன்னைவிட அடர்த்தி குறைந்த வெள்ளி கலந்திருந்தால், அதே எடையுள்ள நகை கூடுதல் நீரை வெளியேற்றுமன்றோ!

ஸாஉடைய சிக்கலை நம் முன்னோரும் அறிந்தே இருந்தனர். ஸாஉவை ரத்ல் என்னும் எடையால் வரையறுப்பது இடர்ப்பாடுடையது என்றும், சோளம், கொண்டைக்கடலை எனப் பண்டம் மாற எடையும் மாறும் என்றும் 1277இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) தம் ‘ரவ்ளத்துத் தாலிபீன்’ நூலில் சுட்டினார்கள். ஒரு ஸாஉ எட்டு ரத்ல் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கணக்கு; ஏனைய மூன்று இமாம்களின் கணக்கு ஐந்தும் மூன்றில் ஒரு பங்கும். அபூயூஸுஃப் (ரஹ்) மதீனா சென்றபோது, அந்நகரத்தார் தம் முன்னோரிடமிருந்து பெற்ற ஸாஉப் பாத்திரங்களைக் கொண்டுவந்து காட்ட, அளந்து பார்த்துத் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்பர். வாதத்தை முடித்து வைத்தது பாத்திரமே.

நம் நாட்டிலும் படியும் மரக்காலும் புழங்கிய காலத்தில் ஃபித்ராவைப் படியால் அளப்பது இயல்பாயிருந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவைகள் வந்த பின்னர் அரிசி தராசுக்கு மாறியது. ஸாஉவும் கிலோவாக மொழிபெயர்க்கப்பட்டது. அம்மொழிபெயர்ப்பில் அடர்த்தி என்னும் இடைச்சொல் விடுபட்டுப் போயிற்று.

இன்று ஸாஉவை 2.75 லிட்டர் என்பாரும் உளர். மூன்று லிட்டர் என்பாரும் உளர். எட்டு ரத்ல் கணக்கோ ஒன்றரை மடங்காகும். தத்தம் மத்ஹபின் அளவைக் கொண்டு, நாம் உண்ணும் அரிசியில் ஒரு லிட்டரைத் தலைதட்டி அளந்து, நிறுத்து, பெருக்கிப் பார்ப்பது எவருக்கும் எளிது. ஐயம் எழுமிடத்தில் கூட்டிக் கொடுப்பதே பேணுதல். அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரை எச்சரிக்க ஓர் அத்தியாயமே அருளப்பட்ட சமுதாயம் நாம். ஏழையின் பங்கு நம் அறியாமையால் ஒரு பிடியும் குறைந்துவிடலாகாது.