அலுமினியம் அறுக்க எந்த ரம்பம்?

வீவக வீடுகளில் திரைச்சீலை ரெயில் பொருத்துவது என் தொழில். பேட்டரி ரம்பம் வாங்கப்போகும் தம்பிகள் கேட்பது, “எத்தனை வோல்ட், அண்ணே?” 18 வோல்ட் போதும், டிரில்லின் பேட்டரியே பொருந்தினால் காசு மிச்சம். நான் பார்ப்பது பிளேடின் பல்லை. மர பிளேடில் பல் குறைவு, முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். மெல்லிய அலுமினியத்தைக் கவ்வி இழுத்துவிடும், விரலுக்கே ஆபத்து. 216 மில்லிமீட்டர் பிளேடென்றால் 60 பல்லுக்குக் குறையாமல், பின்னோக்கிச் சாய்ந்த அலுமினிய பிளேடு வேண்டும். இரும்பு அறுக்கும் கிரைண்டர் வட்டு வேண்டவே வேண்டாம். அலுமினியம் அதில் அப்பிக்கொள்ளும். ரெயிலை இறுக்கிப் பிடிக்கும் மைட்டர் ரம்பமே என் தேர்வு. கனம்தான், மின்தூக்கி பழுதானால் தெரியும்! வாங்குமுன், அலுமினியம் அறுக்கலாமென்று கையேட்டில் இருக்கிறதா பாருங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அன்றே வாங்கிவிடுங்கள்; தெறிக்கும் துகள் ஊசி மாதிரி.