சிறிய தொடை எலும்பு உடையோருக்கான இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை

சிறிய தொடை எலும்பு உடையோருக்கான இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்பது, தொடை எலும்பின் உட்குழி வழக்கத்தைவிடக் குறுகலாக உள்ளவர்களுக்குச் சிதைந்த மூட்டை அகற்றி, சிறிய அளவிலான செயற்கை மூட்டைப் பொருத்துவதாகும். பிறவியிலேயே தொடங்கும் இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடு, சிறார் மூட்டழற்சி, குள்ளத்தன்மையை உண்டாக்கும் எலும்பு வளர்ச்சிக் கோளாறுகள் ஆகியவை இந்நிலைக்கு முக்கியக் காரணங்கள். இவர்களுள் பலருக்கு இளம் வயதிலேயே அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. எனவே செயற்கை மூட்டு பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியுள்ளது.

தண்டுப் பகுதி

செயற்கை மூட்டின் உலோகத் தண்டு தொடை எலும்பின் உட்குழிக்குள் செருகப்படுகிறது. உருளை வடிவத் தண்டு ஒன்றின் வளைவுத் தாங்குதிறன் அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். விட்டம் 20 சதவீதம் குறைந்தால் தாங்குதிறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இதனால் மெல்லிய தண்டு நாளடைவில் உலோகக் களைப்பால் முறியும் வாய்ப்பு உண்டு. மாறாக, குறுகிய குழிக்குள் பெரிய தண்டைச் செலுத்தினால் அறுவையின்போதே எலும்பில் விரிசல் விழலாம். எலும்புச் சிமெண்ட் கொண்டு பொருத்தும்போது தண்டைச் சுற்றிச் சிமெண்டுக்கும் இடம் தேவை. ஆகவே சிறிய எலும்புகளுக்கெனத் தனி அளவிலான தண்டுகள் உருவாக்கப்பட்டன.

கிண்ணப் பகுதி

இத்தகையோருக்குப் பெரும்பாலும் இடுப்பெலும்பின் கிண்ணக்குழியும் சிறியதாகவே இருக்கும். வெளிவிட்டம் 40 மி.மீ. உள்ள பாலிஎத்திலீன் கிண்ணத்தில் 28 மி.மீ. பந்தைப் பொருத்தினால் கிண்ணச் சுவரின் தடிமன் 6 மி.மீ. மட்டுமே. பந்து 22 மி.மீ. எனில் தடிமன் 9 மி.மீ. ஆகும். 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி அறிமுகப்படுத்திய மூட்டில் இத்தகைய சிறிய பந்தே இருந்தது. ஆனால் சிறிய பந்து மூட்டு நழுவும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

கிண்ணம் தேயும்போது உதிரும் நுண்துகள்கள் சுற்றியுள்ள எலும்பை அரிக்கத் தூண்டுகின்றன. இதனால் மூட்டு தளர்கிறது. பழைய வகைப் பாலிஎத்திலீன் கிண்ணங்களில் நீண்டகாலத் தோல்விக்கு இதுவே பெருங்காரணம். 1990களின் இறுதியில் வந்த உயர் குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீன் இத்தேய்மானத்தை வெகுவாகக் குறைத்தது.

நீண்டகால விளைவுகள்

2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, பொதுவாக இடுப்பு மாற்று மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன. இளம் வயதில் மூட்டு பொருத்தப்பட்டோருக்கு மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு முதியோரைவிட அதிகம். சிறிய எலும்பு உடையோருக்கு மறு அறுவை கூடுதல் கடினமானது. எஞ்சியிருக்கும் எலும்பு குறைவு என்பதே காரணம்.

எலும்பு அரிப்பு தொடக்கத்தில் வலி தராமலும் இருக்கலாம். ஆகையால் வலி இல்லாவிட்டாலும், மருத்துவர் கூறும் இடைவெளியில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்ப்பது அவசியம். தளர்ச்சியை முன்னரே கண்டறிந்தால், எலும்பு மிகுதியாக அழியுமுன் மூட்டை மாற்ற முடியும்.